குப்பை, டிஜிட்டல், கார்பன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறுசுழற்சிக்கு டிஜிட்டல் தொழில்நுட்பம் எவ்வளவு உதவும், அதனால் கார்பன் உமிழ்வு உண்மையிலேயே குறையுமா என்று குடியிருப்போர் சங்கக்காரர்கள், ஆசிரியர்கள், வார்டு உறுப்பினர்கள் எனப் பலரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விற்பனைக்காரர்கள் சொல்லும் பதில்கள் வேறு மாதிரி இருக்கும்.

குப்பை அள்ள ஆள் வேண்டும், வண்டி வேண்டும். இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

எடை போடுவது, அது யாருடையது என்று எழுதி வைப்பது. உலகத்தில் இந்த விஷயம் உருப்படியாக நடந்த இடங்களைப் பார்த்தால், தொழில்நுட்பம் செய்தது பெரும்பாலும் இந்தக் கணக்குப்பிள்ளை வேலைதான். இந்தக் குப்பை எந்த வீட்டிலிருந்து வந்தது, எத்தனை கிலோ, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் அதன் பின்னாலேயே காசு வரும். கூடுதலாகக் கொட்டுபவர் கூடுதலாகக் கட்டலாம், திருப்பிக் கொண்டுவருபவருக்குப் பணம் தரலாம். ஆப், கட்டுப்பாட்டு அறை, சுவர் முழுக்கத் திரை எல்லாம் அப்புறம்தான். கணக்கே இல்லாத ஊரில் திரையை மட்டும் மாட்டினால் அதில் காட்ட ஒன்றும் இருக்காது.

குப்பைக்கும் கார்பனுக்கும் என்ன சம்பந்தம்? எரித்தால்தானே புகை?

எரிக்காத குப்பையும் சும்மா இருப்பதில்லை. மீந்த சாம்பார் சாதமும் காய்கறித் தோலும் அழுகிய தக்காளியும் குப்பைக் கிடங்கில் அடுக்கடுக்காகப் புதையும்போது அடியில் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அதைத் தின்று மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. கிடங்கிலிருந்து கிளம்பும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் பூமியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போலச் சுமார் 28 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். மனிதச் செயல்களால் வெளியேறும் மீத்தேனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குப்பையிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும்தான் வருகிறது. அதே சாப்பாட்டுக் கழிவைக் காற்றோட்டத்தோடு உரமாக்கினால் மீத்தேன் மிகக் குறைவு. சாண எரிவாயுக் கலன் போன்ற மூடிய தொட்டியில் போட்டால் மீத்தேனைப் பிடித்து அடுப்பே எரிக்கலாம்.

இன்னொரு தொடர்பு, பழைய பொருளிலிருந்து புதுப் பொருள் செய்யும்போது மிச்சமாகும் எரிசக்தி. இதில் அலுமினியத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாக்சைட்டிலிருந்து ஒரு டன் அலுமினியம் எடுக்க 14,000 யூனிட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கினால் எரிசக்திச் செலவில் சுமார் 95 சதவீதம் மிச்சம். கண்ணாடியில் இவ்வளவு லாபம் கிடையாது. பாட்டிலை உடைத்து உருக்குவதைவிடக் கழுவி மறுபடி நிரப்புவதே மேல்.

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது, எதில் போடலாம் என்று ஒரு நகராட்சி கேட்டால், ஈரக் குப்பை கிடங்குக்குப் போகாமல் தடுப்பதில் முதலில் போடுங்கள் என்பேன்.

தொழில்நுட்பம் வைத்து உண்மையிலேயே சாதித்த ஒரு நாட்டைச் சொல்லுங்கள்.

தென் கொரியா. அங்கே 1995இல் சாப்பாட்டுக் கழிவில் 2 சதவீதம்கூட மறுசுழற்சிக்குப் போகவில்லை. இப்போது ஏறத்தாழ 95 சதவீதம் போகிறது.

இதைச் சொல்லும்போது பலரும் அந்த எடை போடும் தொட்டியின் படத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தொட்டி வந்தது கடைசியில். அதற்கு முன் நடந்ததுதான் பாதிக் கதை. 1995இல் குப்பை அளவுக்கேற்பக் கட்டணம் என்ற முறை வந்தது. அரசு விற்கும் பையை வாங்கி அதில்தான் குப்பை போட வேண்டும், பெரிய பைக்கு விலை அதிகம். 2005இல் சாப்பாட்டுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைக்கத் தடை. 2013இல் சாப்பாட்டுக் கழிவிலிருந்து பிழிந்த நீரைக் கடலில் கொட்டுவதும் நின்றது. ஒவ்வொரு கதவாக மூடிவிட்டு, அதே 2013இல் வீட்டுக்கு வீடு சாப்பாட்டுக் கழிவின் அளவு பார்த்துக் கட்டணம் வாங்கும் முறையை நாடு முழுக்கப் பரப்பினார்கள். பையிலேயே கட்டணம் அடங்கும் முறை, ஸ்டிக்கர் ஒட்டும் முறை, வீட்டு அட்டையை ரேடியோ அலையால் அடையாளம் கண்டு எடை போடும் ஆர்.எஃப்.ஐ.டி. தொட்டி என்று மூன்று வழிகள். அடுக்குமாடிகளில் தொட்டி பிரபலமானது.

தொட்டி வேலை செய்யும் விதம் எளிது. வீட்டு அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டினதும் மூடிக்கொள்ளும். அடியில் இருக்கும் எடைக்கருவி எத்தனை கிராம் ஏறியது என்று பார்த்துத் திரையில் எடையையும் தொகையையும் காட்டும். மாதக் கடைசியில் பராமரிப்புக் கட்டணத்தோடு இதுவும் சேர்ந்து வரும்.

முன்பு மொத்தக் குடியிருப்பின் கழிவையும் கணக்கிட்டு எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கு போட்டார்கள். நம் அபார்ட்மென்ட்களில் லாரித் தண்ணீர்ச் செலவைச் சமமாகப் பிரித்தால் யாரும் குழாயை இறுக்கி மூட மாட்டார்கள் அல்லவா, அதே கதைதான். தனித்தனிக் கணக்கு வந்ததும் கொட்டுவதற்கு முன் தண்ணீரை வடிக்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டுக் கழிவில் சுமார் 80 சதவீதம் தண்ணீர்தான் என்பதால் வடித்தாலே எடை சட்டென்று இறங்கும். சியோலில் சுமார் 6,000 தொட்டிகள் வைத்ததில் ஆறு ஆண்டுகளில் 47,000 டன் கழிவு குறைந்தது என்பது நகர அதிகாரிகள் சொன்ன கணக்கு.

கட்டணம் தொகையாகப் பெரியதா? பணக்காரர்கள் கவலைப்படுவார்களா என்ன?

தொகை சின்னதுதான். பல வீடுகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் திரையில் எண் தெரிகிறது. மீன்குழம்பு மீந்துவிட்டது என்று கொட்டும்போது 1 கிலோ 200 கிராம் என்று கண்முன்னால் வந்தால் மனதில் ஒட்டத்தான் செய்யும். எனக்குத் தெரிந்தவரை இந்த ஏற்பாட்டின் வெற்றியில் காசுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அந்தச் சின்னத் திரைக்கும் உண்டு.

ஏமாற்ற மாட்டார்களா?

ஏமாற்றலாம். பொதுக் குப்பைப் பைக்குள் சாப்பாட்டுக் கழிவை ஒளித்துப் போடலாம், தெருமுனையில் வீசலாம். அதனால்தான் கொரியாவில் பொதுக் குப்பைப் பைக்கும் காசு வைத்திருக்கிறார்கள், தவறாகப் போட்டால் அபராதமும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் காசு வைத்து மறுபக்கம் இலவசமாக விட்டால் குப்பை அந்தப் பக்கம் ஒழுகிவிடும்.

இன்னொரு சிக்கல் விதியைப் புரிந்துகொள்வது. அங்கே எலும்பு, நண்டு ஓடு, முட்டை ஓடு, பழக்கொட்டை எதுவும் சாப்பாட்டுக் கழிவாகாது, பொதுக் குப்பைதான். கழிவின் ஒரு பகுதி கால்நடைத் தீவனமாகப் போவதால் மாடோ பன்றியோ தின்ன முடியாததைப் போடக்கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. புதிதாகக் குடிவந்த வெளிநாட்டவர்கள் தலையைச் சொறிவது இங்கேதான்.

அதே தொட்டியை நம் ஊரில் வைத்தால்?

வாசலுக்கு வாசல் பேட்டரி வண்டி வந்து வாங்கிப் போகும் ஊரில் தெருத்தொட்டி வைப்பது பின்னோக்கிப் போவது. நம் ஊருக்கு ஏற்றது வண்டியிலேயே எடைக்கருவி வைப்பது. அதுவும் எல்லா வீட்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபம், ஹோட்டல், பெரிய அடுக்குமாடி, மார்க்கெட் என மொத்தமாகக் குப்பை போடும் இடங்களில் எடை போட்டுக் கட்டணம் வாங்கினாலே பெரும்பகுதி ஈரக் குப்பை கணக்குக்குள் வந்துவிடும். வீட்டு வாசலில் கியூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டித் தினமும் ஸ்கேன் செய்யும் திட்டங்கள் பல ஊர்களில் வந்திருக்கின்றன. ஸ்கேன் செய்தால் தூய்மைப் பணியாளர் அந்த வாசலுக்கு வந்தார் என்று தெரியும். வீட்டுக்காரர் பிரித்துக் கொடுத்தாரா என்பது தெரியாது. வேலைக்காரரை மட்டும் கண்காணித்துவிட்டு வீட்டுக்காரரை விட்டுவிடும் ஏற்பாடு அது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சென்சார் வைத்த ஸ்மார்ட் தொட்டி பற்றி நிறைய விளம்பரம் வருகிறதே?

மூடிக்கு அடியில் இருக்கும் கருவி ஒலியலை அனுப்பி, குப்பை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கும். நிறைந்த தொட்டிக்கு மட்டும் வண்டி போகும், டீசல் மிச்சம். கடற்கரை, பூங்கா, பேருந்து நிலையம் போன்ற இடங்களுக்குச் சரி. ஒரு காலி அட்டைப்பெட்டி செங்குத்தாக நின்றாலே தொட்டி நிறைந்ததாகச் செய்தி போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வண்டி டீசலில் மிச்சமாகும் கார்பன், கிடங்கு மீத்தேனோடு ஒப்பிட்டால் சிறியது.

ஜெர்மனியில் பாட்டிலைப் போட்டால் மெஷின் பணம் தருகிறதாமே?

தருகிறது. அங்கே 2003 ஜனவரி முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பானப் பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் முன்பணம் உண்டு. இப்போது ஒரு பாட்டிலுக்கு 25 சென்ட். தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே அதையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். காலியைக் கடையில் இருக்கும் மெஷினின் வட்டத் துவாரத்தில் வைத்தால் அது பாட்டிலைச் சுழற்றி, பார்கோடையும் முன்பண முத்திரையையும் கேமராவில் பார்த்து, உள்ளே இழுத்து நசுக்கிவிடும். கடைசியில் ஒரு சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம். இந்த வகைப் பாட்டில்களில் சுமார் 98 சதவீதம் திரும்பி வருகிறது. பாட்டில் ஒரே ரகமாக, சுத்தமாக வருவதால் மறுபடியும் பாட்டிலே செய்யலாம். குப்பையோடு கலந்து வந்த பாட்டிலில் அந்தத் தரம் கிடைக்காது.

நசுக்குவது ஏன் முக்கியம் என்பதற்குக் கொலோன் நகரில் ஒரு வழக்கே நடந்தது. பானக் கடைக்காரர் ஒருவர் மெஷினுக்குள் கைவைத்து, பாட்டில் நசுங்காமல் திரும்பி வெளியே வரும்படி மாற்றிவிட்டார். ஒரே பாட்டிலை 1,77,000 தடவைக்கு மேல் போட்டு எடுத்து 44,000 யூரோ அளவுக்குச் சம்பாதித்தார். கடைசியில் சிறைத்தண்டனை. அத்தனை தடவை கையால் போட்டு எடுத்த பொறுமையை மட்டும் தனியாகப் பாராட்டலாம்.

நீலகிரி டாஸ்மாக் பாட்டில் திட்டமும் இதே வகைதானா?

அடிப்படை அதுவேதான். காட்டிலும் மலைச்சரிவிலும் வீசப்படும் மதுபாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு விஷயம் போய், நீதிமன்றம் வலியுறுத்தியதால் 2022இல் நீலகிரியில் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பத்தில் ஒன்பது பாட்டிலுக்கு மேல் திரும்பி வந்தது. குடித்தவர் கொண்டுவராவிட்டாலும் வேறு யாராவது பொறுக்கிக் கொண்டுவந்து காசாக்கிவிடுவார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்தது.

ஜெர்மனியில் மெஷின் செய்யும் வேலையை இங்கே கடை ஊழியர் கையால் செய்கிறார். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், கூட்ட நேரத்தில் காலியை வாங்கிச் சரிபார்க்க வேண்டும், சின்னக் கடைக்குள் காலி மூட்டைகளை அடுக்கி வைக்க வேண்டும். வேலைப்பளு தாங்கவில்லை என்று ஊழியர் சங்கங்கள் போராடியதில் நியாயம் இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்கிறது என்றால் பாட்டில் வந்து சேரும், அது நிரூபணமாகிவிட்டது. மீதி உழைப்பை யார் தலையில் வைப்பது என்பதில்தான் தொழில்நுட்பம் உதவ வேண்டும்.

கேமராவும் செயற்கை நுண்ணறிவும் எல்லாவற்றையும் பிரித்துவிடும் என்கிறார்கள். அப்புறம் நான் எதற்கு வீட்டில் இரண்டு பக்கெட் வைக்க வேண்டும்?

அதிகம் வரும் கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய பிரிப்பு ஆலைகளில் அகலமான பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதில் குப்பை மெல்லிய படலமாகப் பரவி வரும். மேலிருந்து விளக்கு வெளிச்சம் அடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத, சிவப்பை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரும் அதில் உண்டு. ஒவ்வொரு வகைப் பிளாஸ்டிக்கும் அந்தக் கதிரில் ஒவ்வொரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் ஒரு மாதிரி, ஷாம்பு பாட்டிலின் பாலிஎத்திலீன் ஒரு மாதிரி, தயிர் டப்பாவின் பாலிபுரோப்பிலீன் வேறு மாதிரி. சென்சார் அதைப் படித்து, பொருள் பெல்ட்டின் முனையிலிருந்து கீழே விழும் அந்த நொடியில் சரியான இடத்துக் குழாயிலிருந்து காற்றைச் சுருக்கென்று ஊதும். வேண்டிய பாட்டில் எகிறித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விழும், மற்றவை இந்தப் பக்கம். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. வெளிநாட்டு ஆலைகளில் இதற்குமேல், கேமராவில் பார்த்துப் பொருளை அடையாளம் கண்டு எடுத்துப் போடும் ரோபோ கைகளும் வந்துவிட்டன.

இப்போது அதே பெல்ட்டில் நம் வீட்டுக் கலப்புக் குப்பையை விடுங்கள். பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு, உள்ளே ரசம், நாப்கின், காபித்தூள், அதற்குள் ஒரு பால் பாக்கெட். கதிர் மேல்கவரில் பட்டுத் திரும்பிவிடும், உள்ளே இருப்பது தெரியாது. எண்ணெயும் குழம்பும் படிந்த பிளாஸ்டிக்கில் சென்சாரும் தடுமாறும். காகிதம் நனைந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது, எந்த மெஷினாலும் அதை உலர்ந்த காகிதமாக்க முடியாது. ஈரத்தைத் தனியாகவும் உலர்ந்ததைத் தனியாகவும் கொடுத்துவிட்டால், உலர்ந்ததை மேலும் பத்து வகையாகப் பிரிக்க மெஷின் அருமையாக உதவும்.

சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா என்ற நகரம் இதைப் புத்திசாலித்தனமாகச் செய்கிறது. மக்கள் வீட்டிலேயே ஏழு நிறப் பைகளில் பிரித்துக் கட்டி ஒரே தொட்டியில் போடுகிறார்கள். ஆலையில் கேமரா பார்க்க வேண்டியது பையின் நிறத்தை மட்டும்தான்.

பார்சல் வரும் கறுப்பு டப்பாவை மறுசுழற்சி செய்ய மாட்டார்கள் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன் கரித்தூள் அகச்சிவப்புக் கதிரை அப்படியே விழுங்கிவிடும். சென்சாருக்கு எதுவும் திரும்பி வராது, அதன் கண்ணுக்கு அங்கே பெல்ட் மட்டும்தான் தெரியும். டப்பா நல்ல பாலிபுரோப்பிலீனாகவே இருந்தாலும் கழிவோடு கழிவாகப் போய்விடும். கரித்தூள் இல்லாத கறுப்புச் சாயங்கள் இருக்கின்றன. உங்கள் பகுதி ஹோட்டல்காரரிடம் வெள்ளை டப்பாவோ ஒளி ஊடுருவும் டப்பாவோ கேட்பது அதைவிடச் சுலபம். வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுபோவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

ஐரோப்பாவில் லேபிள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குறியீட்டை அச்சிட்டு, எது சாப்பாட்டுப் பொருள் டப்பா, எது இல்லை என்று கேமரா படிக்கும்படி செய்யும் சோதனைகளும் நடந்திருக்கின்றன. நல்ல யோசனை. ஆனால் எல்லா உற்பத்தியாளரும் சேர்ந்து வந்தால்தான் பலன்.

பிளாஸ்டிக் தயாரிப்பாளர்களே பொறுப்பேற்க வேண்டும் என்று ஓர் இணையதளம் இருக்கிறதே, அது எப்படி வேலை செய்கிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளம் அது. 2022இல் வந்த விதிகளின்படி பிளாஸ்டிக் பொட்டலத்தில் பொருள் விற்கும் நிறுவனம், தான் சந்தையில் விட்ட பிளாஸ்டிக்கின் குறிப்பிட்ட பங்கு மறுசுழற்சியானதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். தானே சேகரிக்கத் தேவையில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை எத்தனை டன் செய்ததோ அதற்குத் தளத்தில் சான்றிதழ் உருவாக்கும், நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் செய்யும்.

காகிதத்தில் கச்சிதம். 2023இல் வாரியமே ஆலைகளை ஆய்வு செய்தபோது சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் வெளியே வந்தன. செய்யாத மறுசுழற்சிக்குச் சான்றிதழ் போட்டு விற்றிருக்கிறார்கள். தளம் நன்றாகத்தான் ஓடியது. ஆலையில் பிளாஸ்டிக் உள்ளே வந்ததா, உருகியதா என்பதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆலையின் மின்கட்டண ரசீதைச் சான்றிதழ்க் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிப் பொய் தெரிந்துவிடும், ஏனென்றால் பிளாஸ்டிக்கை உருக்கக் கரன்ட் வேண்டும். இப்படி ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டர் அலுக்காமல் செய்யும். அதற்குத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். எடைமேடைச் சீட்டு, வண்டியின் ஜி.பி.எஸ். தடம், ஜி.எஸ்.டி. பில், கரன்ட் பில் நான்கும் ஒத்துப்போகாமல் சான்றிதழே உருவாகக்கூடாது.

பிளாக்செயின் போட்டால் இந்தத் திருட்டு நிற்குமா?

நிற்காது. அது ஒரு டிஜிட்டல் பேரேடு, எழுதியதை அழிக்க முடியாது என்பதுதான் அதன் பெருமை. எழுதும்போதே பொய் எழுதினால் அழிக்க முடியாத பொய் கிடைக்கும்.

செயற்கைக்கோளிலிருந்து குப்பைக் கிடங்கின் மீத்தேன் தெரியுமா?

தெரியும். மீத்தேனும் சூரிய ஒளியில் சில அலைநீளங்களை விழுங்கும், அதைக் கொண்டு அளக்கிறார்கள். ஐரோப்பிய செயற்கைக்கோளில் இருக்கும் ட்ரோபோமி கருவி எந்த நகரத்தின் மேல் மீத்தேன் அதிகம் என்று காட்டும். கனடாவின் ஜி.எச்.ஜி.சாட் செயற்கைக்கோள் அந்த இடத்தை நெருக்கிப் பார்த்து எந்தக் கிடங்கு என்றே சொல்லிவிடும். 2022இல் வெளியான ஓர் ஆய்வில் பியூனஸ் அயர்ஸ், டெல்லி, லாகூர், மும்பை நான்கையும் இப்படிப் பார்த்தார்கள். டெல்லியின் காஜிப்பூர் குப்பை மேடும் அதில் உண்டு. மேட்டின் எந்தப் பக்கத்தை முதலில் மூட வேண்டும், எங்கே குழாய் இறக்கி வாயுவை எடுக்கலாம் என்று முடிவெடுக்க இந்தத் தகவல் கைகொடுக்கும்.

கிடங்கு தீப்பிடிப்பதற்கும் இந்த மீத்தேனுக்கும் தொடர்பு உண்டு. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்ததைச் சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெப்பம் காட்டும் கேமராவோடு ட்ரோன் பறந்தால் உள்ளே சூடேறும் இடம் முன்கூட்டியே தெரியும். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலையைக் கையில் எடுத்தார்கள். இந்த வகை வேலையில் முன்னும் பின்னும் ட்ரோன் விட்டு மேட்டின் கனஅளவை அளந்தால் ஒப்பந்தக்காரர் எவ்வளவு அள்ளினார் என்பதில் வாய்ச்சண்டை இருக்காது.

இதெல்லாம் வந்தால் காயலான் கடைக்காரரும் பொறுக்குபவர்களும் என்ன ஆவார்கள்?

நம் நாட்டில் மறுசுழற்சி என்று பெருமையாகச் சொல்லும் கணக்கின் பெரும்பங்கு அவர்கள் உழைப்பு. பழைய பேப்பர், இரும்பு, பெட் பாட்டில் எல்லாவற்றையும் வாசலில் காசு கொடுத்து வாங்கிப் போகும் ஏற்பாடு பல பணக்கார நாடுகளில் கிடையாது. நகராட்சி ஒரு பெரிய நிறுவனத்துக்கு மொத்தமாக ஒப்பந்தம் கொடுத்து, ஆப் வெளியிட்டு, இவர்களைக் கிடங்குக்குள் விடாமல் தடுத்தால் மறுசுழற்சி குறையத்தான் செய்யும்.

வேறு வழியும் உண்டு. சென்னையில் தொடங்கிய கபாடிவாலா கனெக்ட் என்ற அமைப்பு, நகரின் காயலான் கடைகள் எங்கெங்கே இருக்கின்றன, என்னென்ன வாங்குகிறார்கள் என்று வரைபடமாக்கி அவர்களையே வலைப்பின்னலாக இணைக்கப் பார்த்தது. புனேயில் ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வீடு வீடாகச் சேகரிக்கிறார்கள். வீட்டுக்காரர் சேவைக் கட்டணம் தருகிறார், உலர் குப்பையை விற்ற காசும் அவர்களுக்கே. இதில் தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாமலே தரம் பிரிப்பு நடந்தது. அதன் மேல் டிஜிட்டல் தராசும் யு.பி.ஐ.யும் வந்தால் அவர்களுக்குத்தான் லாபம். எடையில் ஏமாற்றுவது இரண்டு பக்கமும் நின்றுவிடும். பேச்சுக்குச் சொல்லவில்லை, கொக்கித் தராசில் விரலை வைத்து அமுக்கும் வித்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டரும் டேட்டா சென்டரும் கரன்ட் தின்னுமே. கூட்டிக் கழித்தால் லாபமா நஷ்டமா?

நியாயமான கேள்வி. 2024இல் உலகின் டேட்டா சென்டர்கள் பயன்படுத்தியது சுமார் 415 டெராவாட் மணி, உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 சதவீதம். அது ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் ஒரு நகராட்சியின் எடைக் கணக்கை வைக்க அதில் தூசி அளவுகூட வேண்டாம். தினமும் ஒரு டன் ஈரக் குப்பையைக் கிடங்குக்குப் போகாமல் தடுக்கும் எந்தக் கணக்கு முறையும் தன் கரன்ட் செலவைப்போலப் பல மடங்கு ஈட்டிவிடும். கவலைப்பட வேண்டியது ஒவ்வொரு தொட்டியிலும் பேட்டரியும் சிம்மும் வைத்து, மூன்று வருஷத்தில் அவை செத்து மின்கழிவாகிக் கிடப்பதைப் பற்றித்தான். சென்சார் வாங்கும் ஒப்பந்தத்தில் பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் 60 வீடுகள். எதிலிருந்து தொடங்குவது?

தொங்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் ஈரக் குப்பை எத்தனை கிலோ, உலர் குப்பை எத்தனை கிலோ, கலந்து வந்தது எத்தனை கிலோ என்று காவலாளியோ தூய்மைப் பணியாளரோ எழுதட்டும். அந்த வேலைக்கு அவருக்குத் தனியாகக் காசு கொடுங்கள். மாதக் கடைசியில் ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றி, மொத்தத்தை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த வீடு கலந்து கொடுத்தது என்று பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், சண்டைதான் மிஞ்சும். ஒவ்வொரு தளமாகக் கணக்குப் போட்டால் போதும், மூன்றாம் மாடிக்காரர் நான்காம் மாடியைப் பார்த்துத் தானாகச் சரியாவார்.

ஈரக் குப்பைக்கு வளாகத்திலேயே உரத்தொட்டி வைக்க இடம் இருந்தால் வையுங்கள். 24 மணி நேரத்தில் உரம் தரும் மின்சார மெஷின் என்று ஒருவர் வந்து விற்பார். அது பெரும்பாலும் சூடாக்கிக் காயவைப்பது மட்டும்தான், கரன்ட் பில்லைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய போன், சார்ஜர், லேப்டாப் எல்லாம் அலமாரியில் கிடக்கிறது. என்ன செய்வது?

உலகத்தில் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். உங்கள் அலமாரியும் அந்த மீதியில் சேர்த்திதான். போன் நன்றாக ஓடினால் யாருக்காவது கொடுங்கள். ஒரு போனால் வரும் மொத்தக் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுவதால், இரண்டு வருஷம் கூடுதலாக ஓட்டுவது எந்த மறுசுழற்சியையும்விட மேல். ஓடாது என்றால் தகவலை நகலெடுத்துவிட்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு, பதிவுபெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடமோ தயாரிப்பு நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல் தனியாகக் கொண்டுபோங்கள். பேட்டரியைக் குப்பை வண்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும்.